கபிலர் முடிவும் கபிலக்கல்லும்

புகழ்பெற்றோரின் இறப்புப் பற்றிய செவிவழிச் செய்தி இன்று சமூக ஊடகங்களில் நொடியிற் பரவுகின்றது. பலரும் உரைத்தலே அதற்குச் சான்றாகிவிடுகின்றது. இவ்வியல்பு புதியதன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில், பெண்ணையாற்றில் உள்ள பாறையொன்று கபிலக்கல் எனப்படும். பாரிமகளை மலையமானிடம் ஒப்படைத்தபின் கபிலர் ஆங்குத் தீப்பாய்ந்தார் என்பர்.

அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் (985–1014) காலத்துக் கல்வெட்டு இதனைக் கூறுகின்றது. ஆயின், புறநானூறு 236ஆம் பாட்டின் பழங்குறிப்பு, மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்த்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்கின்றது. வடக்கிருத்தல் உண்ணாது உயிர்விடுதல், தீப்பாய்தல் வேறு. மகளிரை ஏற்றோரும் வேறாகின்றனர்.

அக்குறிப்பும் பின்னோர் வாக்கேயாதலின் பாட்டையே நோக்குதல் வேண்டும். பாரியோடு உடன் செல்லப்பெறாத வருத்தமும், மறுமையிலேனும் அவனோடு கூடும் வேட்கையுமே அதிற் காணப்படுவன. தீயும் அதில் இல்லை, வடக்கிருத்தலும் இல்லை.

மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடியமை (புறம். 121–124) உறுதி. அத்தொடர்பே பிற்காலச் செய்திக்கு வித்தாதல் கூடும். எனவே, கல்வெட்டினைப் பொய்யென ஒதுக்குதலும், அதனைக் கொண்டே கபிலர் முடிவைத் துணிதலும் பொருந்தா. இராசராசன் காலத்தார் நம்பியது யாது என்பதற்கே அது சான்றாகும்.