திரைப்படப் பின்னணியில் பழைய சென்னைத் திரையரங்குகள்

கதைக்காக எடுக்கப்பட்ட காட்சிகளில் தற்செயலாகப் பதிவான பழைய திரையரங்குகளை அடையாளம் காண்பது நகர வரலாற்று ஆய்வின் ஒரு வழிமுறையாகும். இடிக்கப்பட்ட அரங்குகளின் முகப்பு, பெயர்ப்பலகை, சுற்றுப்புறம் ஆகியவற்றை அறிய இது உதவுகிறது.

ஹாலிவுட் முன்மாதிரி

மௌனப்படக் காலத்தில் ஹாலிவுட் நகைச்சுவைப் படங்கள் பல லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களிலேயே எடுக்கப்பட்டன. ஹரால்டு லாயிட் நடித்த 'சேப்டி லாஸ்ட்' (1923) படத்தில் அவர் கட்டடம் ஏறும்போது நகரின் கடைவீதிகள் கீழே விரிகின்றன. ஜான் பெங்ட்சன் என்னும் ஆய்வாளர், சாப்ளின், கீட்டன், லாயிட் படங்களைப் பழைய ஒளிப்படங்களுடனும் வரைபடங்களுடனும் ஒப்பிட்டுப் படப்பிடிப்பு இடங்களைக் கண்டறிந்து நூல்களாக்கியுள்ளார்.

தமிழ்ப் படங்களில் உள்ள இடைவெளி

சென்னை மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் 1913இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ரகுபதி வெங்கையா கெயிட்டி அரங்கைத் தொடங்கினார். அக்காலத் தெருக்களைத் தமிழ்ப் படங்களில் தேடுவது கடினம். நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' உட்படத் தென்னிந்திய மௌனப்படங்களில் ஏறக்குறைய அனைத்தும் அழிந்துவிட்டன. தொடக்ககாலப் பேசும் படங்கள் பம்பாய், கல்கத்தா ஸ்டுடியோக்களில் உருவாயின. 1934இல் சென்னையில் சீனிவாசா சினிடோன் அமைந்த பின்னரும் புராணக் கதைகளே மிகுதியாக எடுக்கப்பட்டன. அரண்மனை அரங்க அமைப்பில் நகரத் தெருவுக்கு இடமில்லை. சமூகப் படங்கள் பெருகிய பிறகே சென்னைச் சாலைகள் திரையில் இடம்பெறத் தொடங்கின. நாகேஷ் நகரைச் சுற்றிவரும் பாடல் காட்சி உள்ள 'அனுபவி ராஜா அனுபவி' (1967) இதற்கு எடுத்துக்காட்டு.

காலத்தைக் கணித்தல்

ஒரு காட்சியின் காலத்தை அறிய, அதில் இருப்பவற்றோடு இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். சென்னையில் டிராம் வண்டிகள் 1953 வரை ஓடின. எல்.ஐ.சி. கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. சபையர் வளாகம் 1964இல் வந்தது. அதன் அருகிலுள்ள ஜெமினி மேம்பாலம் 1973இல் திறக்கப்பட்டது. ஆகவே சபையர் தெரிந்து, மேம்பாலம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், காட்சி இவ்விரு ஆண்டுகளுக்கு இடைப்பட்டது. அரங்கின் வாசலில் உள்ள பேனரில் படத்தின் பெயரைப் படிக்க முடிந்தால், அப்படம் வெளியான நாளைக் கொண்டு காலத்தை இன்னும் நெருக்கமாகக் கணிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

கார் காட்சிகளில் கண்ணாடிக்குப் பின்னால் ஓடும் சாலை, ஸ்டுடியோவில் திரையிடப்பட்ட பழைய காட்சியாக இருக்கலாம். வேறொரு படத்துக்காக எடுத்த நகரக் காட்சிகளைச் சேர்ப்பதும் வழக்கம். எனவே படம் வெளியான ஆண்டையே காட்சியின் ஆண்டாகக் கொள்ளக் கூடாது.

இன்றைய நிலை

எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் எஞ்சியுள்ளது. கெயிட்டியும் சபையரும் இடிக்கப்பட்டன. 1961இல் திறக்கப்பட்ட சாந்தி 2016இல் மூடப்பட்டது. இத்தகைய அரங்குகளுக்குத் திரைப்படங்களே அசையும் சான்றுகள். ஆனால் பழைய படங்களை அகலத்திரைக்கு மாற்றும்போது சட்டகத்தின் மேல், கீழ்ப் பகுதிகள் வெட்டப்படுவதுண்டு. அரங்கின் பெயர்ப்பலகை பெரும்பாலும் மேல் விளிம்பில்தான் இருக்கும். ஆகவே மூலப் படச்சுருளை முழுச் சட்டகத்துடன் பாதுகாப்பது இவ்வாய்வுக்கு இன்றியமையாதது.