டாப் ஸ்டேஷன்ல ஸ்டேஷன் எங்கடா?

இந்த எபிசோடு ஒரு பைக் ரைடுல ஆரம்பிக்குது, ஆனா பைக்கைப் பத்தினது இல்ல. மைலேஜ், டயர் பிரஷர் எல்லாம் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும்.

நாங்க நாலு பேர். ரெண்டு எக்ஸ்பல்ஸ், ஒரு ஹிமாலயன், அப்புறம் என்னோட பழைய பல்சர். ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரைக்கு போடிநாயக்கனூர்ல டீ குடிச்சிட்டு கிளம்பினோம். பிளான் ரொம்ப சிம்பிள். முதல்ல குரங்கணி போய், அங்க மண் ரோட்டுல கொஞ்சம் ஓட்டணும். அப்புறம் திரும்பி வந்து போடிமெட்டு ஏறி, மூணாறு வழியா டாப் ஸ்டேஷன். ராத்திரிக்குள்ள ரூமுக்கு வந்துடணும்.

எங்க நாலு பேர்ல ஒருத்தன் போடிக்காரன். ஆபீஸ்லயும் அவனுக்கு அதுதான் பேரு. அவனைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

போடியிலிருந்து குரங்கணி சுமார் 15 கிலோமீட்டர். ரோட்டோரமா கொட்டகுடி ஆறு, மாந்தோப்பு, தென்னை. ஊரைத் தாண்டினதும் கல்லும் மண்ணுமா ஒரு ஜீப் பாதை மேல ஏறுது. பாதி தூரத்துல ஹிமாலயன்காரன் உருண்டை கல்லு மேல பிரேக்கைப் பிடிச்சு வண்டியோட சாஞ்சுட்டான். கிட்டத்தட்ட 200 கிலோ. தூக்குறதுக்கு மூணு பேர் தேவைப்பட்டுச்சு, கிளட்ச் லீவர் வளைஞ்சு போச்சு. இன்னும் கொஞ்சம் மேல வனத்துறைக்காரர் ஒருத்தர் நிறுத்தினார். "தம்பி, இதுக்கு மேல பர்மிஷன் இல்லாம போகக்கூடாது."

அங்கேயே உக்காந்து தண்ணி குடிச்சோம். அவர் மேல கையைக் காட்டி, "அந்த முகடு தெரியுதுல்ல, அதான் டாப் ஸ்டேஷன்" என்றார். நான் கேட்டேன், "ஸ்டேஷன்னா? அங்க என்ன பஸ் ஸ்டேஷனா?"

அவர் சிரிச்சார். "அந்தக் காலத்துல ரயிலு நின்ன இடம்பா."

மாடு இழுத்த மோனோரயில்

இனிமே சொல்றது வரலாறு. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்குகிறார். அடுத்த இருபது வருஷத்துல காடு எஸ்டேட்டா மாறுது. 1897-ல் ஃபின்லே மியூர் நிறுவனத்தின் கீழ் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி தொடங்கப்படுகிறது. தேயிலை வளருது. ஆனா மூணாறுல விளையுற தேயிலை லண்டனுக்குப் போகணுமே, எப்படி?

நம்ம பாஷையில சொன்னா, இது ஒரு டெலிவரி பிராப்ளம். அவங்க கண்டுபிடிச்ச தீர்வு இது.

1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு வண்டிப் பாதை வெட்டி, அதோட ஓரத்திலேயே மோனோரயில் போடுறாங்க. மோனோரயில்னதும் சென்னையிலயோ மும்பையிலயோ பேசப்பட்ட மாதிரி எதையும் நினைக்காதீங்க. தரையில ஒரே ஒரு தண்டவாளம். அது மேல சின்னச் சக்கரம். பக்கத்துல வெறும் மண் ரோட்டுல ஒரு பெரிய சக்கரம், வண்டி கவிழாம பேலன்ஸ் பண்ண. பாரத்தோட பெரும்பகுதி தண்டவாளத்து மேல. இழுக்கிறது மாடு. இதுக்குப் பேரு யூயிங் முறை. இதே முறையில பஞ்சாப்ல பட்டியாலாவிலும் ஒரு ரயில் ஓடிச்சு.

1908-ல் அதை எடுத்துட்டு, 2 அடி அகலத்துல முறையான குறும்பாதை ரயில் போட்டாங்க. அதுதான் குண்டளப் பள்ளத்தாக்கு ரயில்வே. தேயிலைப் பெட்டிகள் ரயில்ல டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து 5 கிலோமீட்டர் ரோப்வேயில, அந்தரத்துல தொங்கிக்கிட்டே கீழ கொட்டகுடிக்கு இறங்கும். மேல டாப் ஸ்டேஷன், அதனால கீழ பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டு வண்டியில போடி. அப்புறம் ரயில், கப்பல், இங்கிலாந்து.

1924 ஜூலையில பெரும் வெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளாவுல இன்னைக்கும் அதை 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றுதான் சொல்கிறார்கள். ரயில் பாதை அடிச்சிட்டுப் போச்சு. மறுபடி யாரும் அதைக் கட்டவே இல்ல. மூணாறுல பழைய ஸ்டேஷன் கட்டடம் மட்டும் டீ கம்பெனி ஆபீஸா நிக்குது.

பெட்டி பறந்தது, ஆள் நடந்தது

இதையெல்லாம் போன்ல தேடிப் படிச்சு நான் சத்தமா சொல்லிட்டிருந்தேன். "செம இன்ஜினியரிங்ல?"ன்னேன். போடிக்காரன் அதுவரைக்கும் வாயைத் திறக்கல. அப்புறம் சொன்னான்.

"எங்க பாட்டியோட அம்மா இந்த வழியாத்தான் மேல போனாங்களாம் மச்சான். நடந்து. இடுப்புல ஒரு பிள்ளை, தலையில சட்டி பானை."

மூணு வருஷமா ஒரே டீம். ஒருநாளும் இதை அவன் சொன்னதில்ல.

தேயிலைக்கு நிலம் மட்டும் போதாது, ஆள் வேணும். ஆளைக் கூட்டிட்டு வந்தது கங்காணி. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கம் பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த கிராமங்களுக்குப் போய் முன்பணம் கொடுப்பார். வந்தவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்கள். அந்த முன்பணம் மேல போன பிறகு கூலியில் கழியும். குளிருக்குக் கொடுத்த கம்பளிக்கும் கணக்கு உண்டு. கடன் தீராத வரைக்கும் இறங்க முடியாது.

அதாவது ஒரே மலை, ஒரே சரிவு. தேயிலைப் பெட்டிக்கு கம்பி, ரயில், தண்டவாளம். அதைப் பறிக்கப் போனவங்களுக்கு ஒத்தையடிப் பாதை. டிசைன் பண்ணும்போதே யாரு லோடு, யாரு ஆளுன்னு முடிவு பண்ணிட்டாங்க. 'செம இன்ஜினியரிங்'னு நான் சொன்னது கொஞ்சம் உறுத்த ஆரம்பிச்சுது.

இன்னொரு விஷயம். 2018 மார்ச் 11-ம் தேதி, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிட்டிருந்த டிரெக்கிங் குழு இந்தச் சரிவுகள்ல காட்டுத்தீயில சிக்கிக்கிச்சு. 23 பேர் இறந்தாங்க. அதுல பல பேர் நம்மள மாதிரி வீக்எண்டுக்குக் கிளம்பி வந்த ஐடி பசங்க, பொண்ணுங்க. அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துச்சு. வனத்துறைக்காரர் எங்களை ஏன் நிறுத்தினார்னு கேட்டு சண்டை போடாம திரும்பினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே பஞ்சாயத்து

திரும்பி போடி வந்து, போடிமெட்டோட 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, பூப்பாறை, மூணாறு, மாட்டுப்பெட்டி, குண்டளை. டாப் ஸ்டேஷன் போய்ச் சேரும்போது மதியம் ரெண்டரை. குரங்கணியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல. கம்பியில போயிருந்தா 5.

இதுல ட்விஸ்ட் என்னன்னா, டாப் ஸ்டேஷன் இருக்கிறதும் கொட்டகுடி ஊராட்சியிலதான். தேனி மாவட்டம். கீழயும் மேலயும் ஒரே பஞ்சாயத்து. ஆனா மேல இருக்கிறவர் வண்டியில பஞ்சாயத்து ஆபீஸ் வரணும்னா கேரளா வழியா மலையைச் சுத்தி வரணும். நடுவுல இருக்கிற குக்கிராமத்துக்கு இன்னைக்கும் பேரு 'சென்ட்ரல்'. தேர்தல் வந்தா இந்தப் பக்கத்து மலைக்கிராமங்களுக்கு ஓட்டு மெஷின் குதிரை மேலதான் போகுது. தேயிலைக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே கிடைச்ச வழி, அங்க வாழுறவங்களுக்கு இன்னும் வரல.

இது பழைய கதைன்னு விட்டுட முடியாது. 2015-ல் மூணாறு தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸும் 500 ரூபாய் தினக்கூலியும் கேட்டு 'பெண்பிளை ஒருமை'னு தெருவுல இறங்கினாங்க. ஆண்கள் நடத்துற தொழிற்சங்கங்களை ஒதுங்கி நிக்கச் சொல்லிட்டு. 2020 ஆகஸ்ட்ல ராஜமலை பெட்டிமுடியில மண்சரிவு வந்து லயத்து வீடுகளை மூடிடுச்சு, 70 பேர் போனாங்க. ரெண்டுலயும் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள்தான், கங்காணி கூட்டிட்டுப் போனவங்களோட பேத்திகளும் பேரன்களும்.

டாப் ஸ்டேஷன்ல வியூ பாயிண்ட் பக்கம் கூட்டம். எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டிருந்தாங்க. போடிக்காரன் ஓரமா நின்னு அவங்க அம்மாவுக்கு போன் போட்டான். ஸ்பீக்கர்ல.

"அம்மா, பாட்டியோட அம்மா மேல எந்த எஸ்டேட்ல இருந்தாங்க?"

"ஏன்டா திடீர்னு? எனக்குத் தெரியலையே. உங்க பாட்டி இருந்தப்பவே கேட்டிருக்கணும்."

"அவங்க பேரு?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. "சின்னாத்தான்னு கூப்பிடுவோம். முழுப்பேரு தெரியல."

தண்டவாளம் எத்தனை அடி அகலம்னு எனக்கு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுது. அந்த அம்மாவோட பேரு அவங்க வீட்டுக்கே தெரியல.

அதனால இந்த வாரம் சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு கேட்கல. உங்க வீட்டுல எழுபது, எண்பது வயசுல யாராவது இருந்தா, போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணி முன்னாடி வச்சுட்டு, அவங்க அம்மா பேரு என்ன, எந்த ஊருலேருந்து எந்த வழியா வந்தாங்கன்னு மட்டும் கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.