எடப்பாடியா... இடைப்பாடியா?

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் இன்னும் நல்லது. ‘செங்கோடு, செங்கோடு...’, ‘சங்கரி, கொமாரபாளையம்...’ என்று கூவுகிற குரல்கள் காதில் விழும். கண்ணைத் திறந்து பஸ்ஸின் நெற்றியைப் பாருங்கள். திருச்செங்கோடு, சங்ககிரி, குமாரபாளையம் என்று எழுதியிருக்கும். போர்டில் ஒரு பெயர், வாயில் வேறொரு பெயர்!

‘பட்டிக்காட்டு சனங்க, அப்படித்தான் பேசும்’ என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். அந்த வாய்க்குள் இருப்பதும் சரித்திரம்தான்.

முதலில் செங்கோடு. ‘சாமி இருக்கிற ஊரு, திருவை முழுங்கிட்டானே’ என்று கோபம் வருகிறதா? சிலப்பதிகாரத்தின் குன்றக்குரவையைப் புரட்டிப் பாருங்கள். முருகன் இருக்கும் இடங்களைச் சொல்லும்போது இளங்கோவடிகள் ‘செங்கோடு’ என்றுதான் சொல்கிறார். ‘திரு’ இல்லை! போர்வெல் வண்டியை எடுத்துக்கொண்டு இந்தியா முழுக்கத் துளை போடப் போகிறாரே திருச்செங்கோட்டுக்காரர், அவர் ‘செங்கோடுங்க’ என்று சொல்லும்போது ஊரின் பெயரைச் சிதைக்கவில்லை. இலக்கியத்தில் இருக்கிற பெயரைத்தான் சொல்கிறார்.

அடுத்தது சங்ககிரி. தீரன் சின்னமலையை 1805-ல் வெள்ளைக்காரர்கள் தூக்கிலிட்ட கோட்டை இருக்கும் ஊர். ‘ககி’ என்று அடுத்தடுத்து வருவது நாக்குக்குச் சிரமம். ஒன்று போய் ‘சங்கரி’ ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் காதில் விழுந்ததும் அதுதான். ‘சங்கரி’யோடு கோட்டைக்கான ‘துர்க்க’த்தைச் சேர்த்து ‘சங்கரிதுர்க்’ என்று எழுதிக்கொண்டான். ரயில்வேக்காரர்களும் அந்தப் பெயரையே ஸ்டேஷனுக்கு வைத்தார்கள். படித்தவர் போர்டில் சங்ககிரி, பாமரர் வாயில் சங்கரி. இங்கிலீஷ் ஆவணம் நின்றது பாமரர் பக்கம்!

இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. நாம் இலையை ‘எலை’ என்கிறோம். இடத்தை ‘எடம்’ என்கிறோம். குடம் ‘கொடம்’ ஆகிறது, குழாய் ‘கொழாய்’ ஆகிறது. சொல்லின் முதலில் இகரமோ உகரமோ வந்து, அடுத்த எழுத்தில் அ, ஆ, ஐ என்று வாய் திறக்க வேண்டியிருந்தால், நாக்கு முன்கூட்டியே தயாராகி, இ-யை எ ஆக்குகிறது. உ-வை ஒ ஆக்குகிறது. இது சேலத்துக்காரரின் தனிச்சொத்து இல்லை. மயிலாப்பூர் பந்தியிலும் ‘எலை’தான் போடுகிறார்கள். ஆனால், ஊர்ப்பெயரில் அதே மாற்றம் வந்தால் மட்டும் ‘கொச்சை’ என்று ஒரு முத்திரை விழுந்துவிடுகிறது.

அந்த முத்திரையைக் குத்துவது யார் என்பதுதான் விஷயமே. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் கலெக்டராக வந்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர்தான், பின்னாளில் மதராஸ் கவர்னரான தாமஸ் மன்றோ. ஊர் ஊராக நிலத்தை அளந்து வரி போட்டார்கள். அளந்த நிலத்துக்கு ஊர்ப்பெயர் எழுத வேண்டுமே? ஊர்க்காரர் சொல்வதை எழுத்தர் கேட்டு எழுத, அது இங்கிலீஷுக்குப் போனது. இலக்கணம் தெரிந்த புலவரைக் கூப்பிட்டா கேட்டிருப்பார்கள்? காதில் விழுந்ததுதான் கணக்கு!

அதனால்தான் காவிரிக் கரையில், பவானிக்கு எதிரே இருக்கும் ஊர் தமிழ் போர்டில் ‘குமார’பாளையம், இங்கிலீஷில் ‘கொமார’பாளையம். மேட்டூர் பக்கத்து கொளத்தூருக்குத் தமிழிலேயே அந்தப் பெயர்தான். புதுக்கோட்டைப் பக்கத்தில் அதே மாதிரி ஒரு ஊர் ‘குளத்தூர்’ என்று இலக்கண சுத்தமாக நிற்கிறது. நாமக்கல் மாவட்டத்து எருமப்பட்டியில் ‘எருமை’யின் ஐகாரம் தேய்ந்துவிட்டது, யாரும் தேடவில்லை. வசிஷ்ட நதிக் கரையில் இருக்கும் ஆத்தூரை இன்று ‘ஆற்றூர்’ என்று கேட்டுப் பாருங்கள், டிக்கெட் கொடுக்க ஆளிருக்காது.

எதிர்ப்பக்கமும் ஒரு கதை உண்டு. சேலத்திலிருந்து சங்ககிரி போகும் வழியில் மகுடஞ்சாவடி. எந்த ராஜா மகுடத்தை இறக்கி வைத்தான் என்று யோசிக்காதீர்கள். மெக்டொனால்டு என்ற வெள்ளைக்காரர் பெயரில் இருந்த சத்திரம் அது. ரயில்வேக் கணக்கில் ‘மெக்டொனால்ட்ஸ் சௌல்ட்ரி’ என்றுதான் நெடுங்காலம் இருந்தது. நம் சனங்கள் அந்தப் பெயரை வாயில் போட்டு மென்று, மெக்டொனால்டை ‘மகுடன்’ ஆக்கிவிட்டார்கள்! இதில் இன்னொரு வேடிக்கை... ‘சௌல்ட்ரி’ என்பதே நம் ஊர்ச் ‘சாவடி’யை வெள்ளைக்காரன் சொன்ன விதம்தான். இங்கிருந்து போன சொல், தொப்பி போட்டுக்கொண்டு வந்து, மறுபடி வேட்டிக்கு மாறிக்கொண்டது.

மலைக்கு மேலே போனால் காற்று மாறுகிறது, பெயரும் மாறுகிறது. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்பார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காபியைக் கொண்டுவந்தார். பின்னால் தோட்டங்கள், பங்களாக்கள், 1917-ல் மான்ட்ஃபோர்ட் பள்ளி. அந்த உலகத்தில் ஊர் ‘யெர்க்காட்’ ஆயிற்று. இன்றைக்கும் ‘வீக் எண்டுக்கு யெர்க்காட் போறோம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் காரில் போகிறவர் என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. சந்தைக்கு மிளகு கொண்டுவரும் மலைவாசி அப்படிச் சொல்வாரா? ஒரே ஊர்தான். சொல்கிற விதத்தில் சட்டைப்பை தெரிகிறது!

கீழே சமவெளியிலும் அப்படித்தான். ‘நாமக்கல்’ என்று ‘ல்’லில் கச்சிதமாக நிறுத்தினால் ஆபீஸர். ‘நாமக்கல்லுங்க’ என்றால் நம்ம ஆள். அந்தப் பக்கம் நின்று ‘வேலூருக்குப் போகணும்’ என்றால், வடக்கே இருக்கும் கோட்டை வேலூருக்கு யாரும் வழி சொல்ல மாட்டார்கள். பரமத்தி வேலூர் பஸ்ஸில்தான் ஏற்றிவிடுவார்கள்.

இது நம் ஊர் சங்கதி மட்டும் இல்லை. பஞ்சாபில் பொற்கோயில் இருக்கும் நகரத்துக்கு ஏட்டில் அமிர்தசரஸ். உள்ளூர்க்காரருக்கு அது ‘அம்பர்சர்’. அந்த ஊர்க்காரன் ‘அம்பர்சரியா’. டெல்லிக்காரர் அதில் பட்டிக்காட்டு வாசனையைப் பிடிக்கலாம். அம்பர்சரியாவுக்கோ அது சொந்த வீட்டு வாசனை.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் இங்கிலீஷ் எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணை வெளியிட்டது. எக்மோர், எழும்பூர் ஆனது. நல்ல நோக்கம்தான். ஆனால் வேலூருக்குப் போட்ட எழுத்துகளைப் படித்தால் ‘வீலூர்’ என்று வந்தது! ஊரே சிரித்தது. சில நாட்களிலேயே ஆணை வாபஸ். ‘தமிழ் உச்சரிப்பு’ என்றார்களே, அது யாருடைய உச்சரிப்பு? புத்தகத்தினுடையதா, பஸ் ஸ்டாண்டினுடையதா? அந்தக் கேள்விக்குப் பதில் வரவே இல்லை.

அப்போது முதலமைச்சராக இருந்தவரின் பெயரிலேயே ஒரு பதில் இருந்ததுதான் விசேஷம். ‘இடைப்பாடி’ என்பது இலக்கணம். ‘எடப்பாடி’ என்பது நாக்கு. இலை, எலை ஆன அதே கதை. 2017 பிப்ரவரியில் கே.பழனிசாமி முதலமைச்சராகப் பதவியேற்றதும் டெல்லி டி.வி-க்காரர்கள் வரை ‘எடப்பாடி, எடப்பாடி’ என்று சொல்லிப் பழகினார்கள். எந்தச் செய்தி வாசிப்பாளரும் அதைக் கொச்சை என்று சொல்லவில்லை. நாற்காலி கிடைத்ததும் உச்சரிப்புக்கு மரியாதை வந்துவிட்டது!

நாற்காலி இல்லாதவர்கள் கதி? வகுப்பில் ‘கொமாரபாளையம்’ என்று சொல்லி, மற்ற பிள்ளைகள் சிரிக்கத் தலைகுனிகிற பையன்... ஒரு சர்டிபிகேட்டில் ஒரு எழுத்தும் இன்னொன்றில் வேறு எழுத்தும் இருப்பதால் பாஸ்போர்ட்டுக்காக அலைகிற நெசவாளி மகள்... இவர்கள் செய்த தப்பு என்ன? பாட்டன் பூட்டன் சொன்னபடி சொன்னதுதானே?

ஊர்ப்பெயரில் எழுத்துக்கும் பேச்சுக்கும் நடக்கிற வழக்கில், பேனா யார் கையில் இருந்ததோ அவர் பக்கம்தான் தீர்ப்பு போயிருக்கிறது. ரீட் காலத்து எழுத்தர் ஒரு தீர்ப்பு எழுதினார். ரயில்வே ஒன்று எழுதியது. பதவி ஒன்று எழுதியது. ஆகவே, உங்கள் பிள்ளை ஊர்ப்பெயரை வாய்மொழியாகச் சொன்னால், தலையில் குட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். பரீட்சைத் தாளுக்குப் போர்டில் இருப்பதைச் சொல்லிக்கொடுங்கள். கூடவே, உங்கள் அம்மாயி அந்தப் பெயரை எப்படிச் சொன்னார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை எழுத இதுவரை எந்த கலெக்டரும் வரவில்லை.