கை அறுவையும் ஒரு பழியின் வரலாறும்

கைப்பொருள், கைத்தொழில், கைம்மாறு, கையறுநிலை என்று வாழ்வின் பெரும்பகுதியைக் கையோடு சேர்த்தே பேசுவது நம் மொழி. கை உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ளவனுக்கு, மடங்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொள்வதும், மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டு இரவெல்லாம் விரல்கள் மரத்துப்போவதும் சிறிய நோய்கள் அல்ல. ஆயினும் அவற்றைத் தீர்க்கும் அறுவை மிகச் சிறியது. ஓர் அங்குல அளவு தோலைக் கீறி, இறுக்கிப் பிடிக்கும் நார்ப்பட்டையை வெட்டிவிட்டால் போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இத்துணைச் சிறிய செயலுக்கு, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பல நாடுகளில், பெரிய அறுவை அரங்கும், மயக்க மருத்துவரும், முன்னிரவு தொடங்கிப் பட்டினியும், மாதக்கணக்கான காத்திருப்பும் ஏன் தேவைப்பட்டன? விடையின் பெரும்பகுதி, ஒரு மருந்தின் மீது தவறாக விழுந்த பழியில் இருக்கிறது.

கை குருதிக்குழாய்கள் நிறைந்த உறுப்பு. நரம்பும் தசைநாணும் நூலிழை இடைவெளியில் நெருங்கிக் கிடக்கும் அவ்விடத்தில் குருதி பெருகினால் மருத்துவர் குருடராவார். இதற்கு வழிகண்டவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் எஸ்மார்க். 1873இல் அவர் இரப்பர்ப் பட்டையால் கையை இறுக்கிக் குருதியோட்டத்தை நிறுத்தும் முறையை வெளியிட்டார். 1904இல் அமெரிக்கரான ஹார்வி குஷிங் அதனைக் காற்றடைத்து இறுக்கும் பட்டையாகத் திருத்தினார். அறுவையிடம் வெண்மையாகத் தெளிந்தது. ஆனால் மேற்கையை அவ்வாறு நெரிக்கும் வலியை விழித்திருக்கும் மனிதர் நெடுநேரம் தாங்கவியலாது. இருபது நிமிடங்களே பலருக்கும் எல்லை. எனவே பட்டைக்காக மயக்கம் வந்தது. மயக்கத்திற்காக அரங்கு வந்தது. அரங்கிற்காகப் பரிசோதனைகளும் படுக்கையும் வந்தன. உள்ளங்கையில் ஓர் அங்குலக் கீறலுக்கு நெஞ்சுப் படமும் குருதிச் சோதனையும் எடுக்கப்பட்ட விந்தை இவ்வாறு நேர்ந்ததே.

மற்றொரு வழியும் அதே காலத்தில் திறந்திருந்தது. சப்பானிய வேதியியலார் தக்காமினே 1901இல் அட்ரினலினைப் பிரித்தெடுத்து அறிவித்தார். குருதிக்குழாய்களைச் சுருக்கும் ஆற்றல் உடையது அது. ஹென்ரிக் பிரவுன் என்ற ஜெர்மானியர் 1903இல் அதனை உணர்வகற்றும் மருந்தாகிய கொக்கேயினுடன் கலந்து செலுத்தி, குருதிப்போக்கு குறைவதையும் மரப்பு நீடிப்பதையும் காட்டினார். இரப்பர் வேண்டாத வேதியியல் கட்டு என்றே அதனை அவர் கருதினார். அடுத்து ஐன்ஹார்ன் ஆக்கிய புரொக்கேயின் என்னும் மருந்து கொக்கேயினின் இடத்தைப் பிடித்தது.

பின்னர்தான் பழி விழுந்தது. ஊசி போட்ட விரல்கள் சில கறுத்து அழுகின. அட்ரினலின் குழாயைச் சுருக்குவது கண்கூடு. ஆகவே குற்றவாளி அதுவே என முடிவு செய்தனர். விரலில் அட்ரினலின் செலுத்தலாகாது என்னும் விதி பாடநூல்களில் ஏறியது. ஆசிரியர் சொல்ல மாணவர் மனப்பாடம் செய்தனர். அம்மாணவர் ஆசிரியராகித் தாமும் அதையே சொல்லினர். பாடநூலில் ஒரு முறை ஏறிய வரியை இறக்குவது எத்துணைக் கடினம் என்பது கற்பிக்கும் தொழிலில் உள்ளோர்க்குப் புதிதன்று.

உண்மையில் ஐயத்திற்கு உரியது புரொக்கேயினே. நாட்பட அது அமிலத்தன்மை ஏறும் மருந்து. குப்பிகளில் காலாவதி நாள் பொறிப்பது கட்டாயமாகாத காலம் அது. அமிலத்தன்மை மிக முற்றிய புரொக்கேயினைப் பற்றி 1948இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையமே எச்சரித்தது. போதாக்குறைக்கு, விரலின் அடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியும் சூடான நீரில் அமிழ்த்தியும் கேடு செய்துள்ளனர். இதற்கிடையே சுவீடனில் 1943இல் லொஃப்கிரென், லுண்ட்குவிஸ்ட் ஆகிய இருவர் லிடொகேயினை உருவாக்கினர்; லுண்ட்குவிஸ்ட் தம் உடலிலேயே அதனைச் செலுத்திப் பார்த்தார். 1948இல் அது விற்பனைக்கு வந்து, புரொக்கேயின் மெல்ல மறைந்தது. குற்றம் புரிந்தது வெளியேறியது. பழி சுமந்தது மட்டும் தண்டனையில் இருந்தது.

அவ்வழக்கை மீண்டும் திறந்தவர்களுள் கலிபோர்னியாவின் கீத் டென்க்ளர் ஒருவர். 1880 முதல் 2000 வரையிலான மருத்துவ ஏடுகளைத் துழாவி, மரப்பு ஊசிக்குப்பின் விரல் அழுகியதாக 48 நிகழ்வுகளையே அவர் கண்டார், 2001இல் வெளியிட்டார். அவற்றுள் அட்ரினலின் கலந்தவை 21. ஆலையில் ஆக்கிய லிடொகேயின்–அட்ரினலின் கலவையால் விளைந்தது ஒன்றும் இல்லை. ஏடுகள் மட்டும் போதா என்று, கனடாவில் டொனால்ட் லலோண்டும் உடன்மருத்துவரும் 2002 முதல் 2004 வரை, அட்ரினலின் செலுத்திய 3,110 நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்தனர். 2005இல் வெளிவந்த முடிவு: ஒரு விரலும் அழுகவில்லை. சுருங்கிய குழாயை விரிக்கும் மாற்று மருந்தாகிய ஃபென்டொலமினைக்கூட எவருக்கும் செலுத்த நேரவில்லை.

பட்டை போனதும் மயக்கம் போயிற்று. மயக்கம் போனதும் அரங்கின் தேவையும் குறைந்தது. 2007இல் வந்த கனடிய ஆய்வு, மணிக்கட்டு நரம்பு அறுவை பெரிய அரங்கில் நடந்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு செலவாகும் எனக் கணக்கிட்டது. மருந்தகத்து அறையில் செய்தால் சீழ் பிடிக்காதா என்ற வினா நியாயமானதே. அத்தகைய அறைகளில், கையைச் சுற்றி மட்டும் தூய துணி விரித்துச் செய்யப்பட்ட 1,504 அறுவைகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டனர். மேற்புறத் தொற்று 0.4 விழுக்காடே, ஆழ்ந்த தொற்று இல்லை.

சிக்கனம் மட்டும் பார்த்து இதனைப் புகழ்வோர் இதன் பெருஞ்சிறப்பை விட்டுவிடுகின்றனர். அறுந்த தசைநாணைத் தைத்தபின், தையல் தாங்குமா என்பதை மயங்கிக் கிடப்பவரிடம் அறிய வழியில்லை. விழித்திருப்பவரிடமோ, “விரலை மடக்குங்கள், இனி நீட்டுங்கள்” என்று சொல்லலாம். தையலில் இடைவெளி தெரிந்தால் தோலை மூடுமுன்பே திருத்திக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்பதில்லை. விரலின் குருதியோட்டம் முன்பே குன்றியவர்க்கும், விழித்திருக்க அஞ்சுவோர்க்கும், சிறு குழந்தைகளுக்கும் வேறு வழி வேண்டும். மருத்துவருக்குப் பொறுமையும் வேண்டும். மருந்து செலுத்திய ஏழாம் நிமிடத்தில் கத்தி எடுக்கலாம் என்று பழைய நூல்கள் கூறின. குருதிப்போக்கு நன்கு அடங்க ஏறத்தாழ 26 நிமிடங்கள் ஆகும் என்று 2013இல் அளந்து கண்டனர். எனவே நோயாளி ஊசி போட்டுக்கொண்டு வெளியே நாற்காலியில் அரை மணி நேரம் அமர்கிறார். காலை உணவை உண்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். அழைத்ததும் தாமே எழுந்து நடந்து உள்ளே செல்கிறார்.