மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு: இரு அறிவியல் அறிக்கைகள், ஆறு வரைவு அறிவிக்கைகள் - முழு விவரம்

புதுடெல்லி: குஜராத் முதல் தமிழ்நாடு வரை ஆறு மாநிலங்களில் சுமார் 1,600 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாதுகாக்க மத்திய அரசு இரு அறிவியல் குழுக்களை அமைத்தது. இரண்டும் அறிக்கை அளித்தன. ஆனால் 2014 முதல் 2024 வரை ஆறு முறை வரைவு அறிவிக்கை வெளியிடப்பட்டும், அந்தப் பத்தாண்டுகளில் இறுதி அறிவிக்கை வெளிவரவில்லை. அறிவியலாளர்களின் பரிந்துரைக்கும் அரசின் ஆணைக்கும் இடையே நடந்தது என்ன?

காட்கில் குழு கூறியது

சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழுவை, அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 மார்ச்சில் அமைத்தார். 2011 ஆகஸ்ட் 31 அன்று அக்குழு அறிக்கை சமர்ப்பித்தது.

மலைத்தொடர் முழுவதையும் சூழலியல் உணர்திறன் பகுதியாகக் கருத வேண்டும் என்பதே அதன் மையப் பரிந்துரை. அப்பரப்பை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அளவில் கட்டுப்பாடுகளை முன்வைத்தது. முதல் மண்டலத்தில் புதிய சுரங்கங்களும் பெரிய நீர்த்தேக்க அணைகளும் கூடாது. ரசாயனப் பூச்சிக்கொல்லிகளை 5 ஆண்டுகளில் படிப்படியாகக் கைவிட வேண்டும் எனக் கூறியது. கேரளத்தின் அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்துக்கு அனுமதி தரக்கூடாது எனவும் பரிந்துரைத்தது. எல்லைகளை இறுதி செய்யுமுன் கிராம சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதும் அதன் நிலைப்பாடு.

வெளியிடவே ஒரு வழக்கு

அறிக்கையை அமைச்சகம் உடனடியாக வெளியிடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்டபோதும் மறுத்தது. 2012 ஏப்ரலில் மத்திய தகவல் ஆணையம் அதனை வெளியிட உத்தரவிட்டது. எதிர்த்து அமைச்சகம் தொடுத்த மனுவை டெல்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்த பின், அதே ஆண்டு மே மாதத்தில்தான் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

இந்தத் தாமதத்துக்கு விலை இருந்தது. அறிக்கையை மக்கள் வாசிக்கும் முன்பே அதைப் பற்றிய வதந்திகள் மலைக்கிராமங்களைச் சென்றடைந்தன.

கஸ்தூரிரங்கன் குழுவின் மாற்றம்

மாநிலங்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து, இஸ்ரோ முன்னாள் தலைவர் கே. கஸ்தூரிரங்கன் தலைமையில் உயர்மட்டப் பணிக்குழு 2012 ஆகஸ்டில் அமைக்கப்பட்டது. 2013 ஏப்ரலில் அக்குழு தன் அறிக்கையை அளித்தது.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, மலைப்பகுதியில் ஏறத்தாழ 60 சதவீதத்தைக் குடியிருப்புகளும் வேளாண் நிலங்களும் தோட்டங்களும் கொண்ட பண்பாட்டு நிலப்பரப்பு என அக்குழு வகைப்படுத்தியது. எஞ்சிய இயற்கை நிலப்பரப்பின் பெரும்பகுதியை, அதாவது மொத்தப் பரப்பில் சுமார் 37 சதவீதமான 59,940 சதுர கிலோமீட்டரை மட்டும் உணர்திறன் பகுதியாக அறிவிக்கப் பரிந்துரைத்தது. அங்கு சுரங்கம், கல்குவாரி, மணல் அள்ளுதல், அனல்மின் நிலையம், சிவப்பு வகைத் தொழிற்சாலைகள் ஆகியவற்றுக்குத் தடை விதிக்கவும் கூறியது.

காட்கில் இதனைப் பகிரங்கக் கடிதம் மூலம் விமர்சித்தார். உள்ளூர் மக்களின் பங்கேற்பு கைவிடப்பட்டது என்பது அவரது முக்கியக் குற்றச்சாட்டு. மக்கள் வாழும் நிலத்தில் கடுமையான விதிகளை நடைமுறைப்படுத்த இயலாது என்பது இரண்டாம் அறிக்கையை ஆதரித்தோரின் வாதம்.

கேரளத்தில் வெடித்த எதிர்ப்பு

கஸ்தூரிரங்கன் அறிக்கையின் அடிப்படையில் 2013 நவம்பரில் மத்திய அரசு உத்தரவு பிறப்பித்ததும் இடுக்கி, வயநாடு, கோழிக்கோடு மாவட்டங்களில் முழு அடைப்பும் போராட்டங்களும் நடந்தன. பட்டா கிடைக்காமல் போகும், நிலத்தைவிட்டு வெளியேற்றுவார்கள் என்பது குடியேற்ற விவசாயிகளின் அச்சம். விவசாயத்தைத் தடை செய்யுமாறு எந்த அறிக்கையும் கூறவில்லை. எனினும் அரசின் சொல் மீது நம்பிக்கை இல்லாத இடத்தில் விளக்கங்கள் எடுபடவில்லை.

2014 மக்களவைத் தேர்தலில் இடுக்கித் தொகுதியில் மலையோரப் பாதுகாப்புக் குழுவின் பின்புலத்துடன் இடதுசாரிகளின் ஆதரவு பெற்ற சுயேச்சை வேட்பாளர் ஜாய்ஸ் ஜார்ஜ் வெற்றி பெற்றார். தேர்தலுக்கு முன், 2014 மார்ச் 10 அன்று வெளியான முதல் வரைவிலேயே கேரளத்தின் பரப்பு 13,108 சதுர கிலோமீட்டரிலிருந்து 9,993.7 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது.

வரைவில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு?

மொத்தம் சுமார் 56,825 சதுர கிலோமீட்டர் (மாநில வாரியாக, சதுர கிலோமீட்டரில்):

- கர்நாடகம் - 20,668
- மகாராஷ்டிரம் - 17,340
- கேரளம் - 9,993.7
- தமிழ்நாடு - 6,914
- கோவா - 1,461
- குஜராத் - 449

2015, 2017, 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் வரைவு மீண்டும் மீண்டும் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஆட்சேபங்களுக்கு அவகாசம் தரப்பட்டது. இறுதி செய்யப்படாமல் முந்தைய வரைவுகள் காலாவதியாயின. வரம்பை மறுஆய்வு செய்ய 2022-இல் தனிக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. கர்நாடக அமைச்சரவை 2024 செப்டம்பரில் கஸ்தூரிரங்கன் அறிக்கையை நிராகரித்தது.

பேரிடர்கள் எழுப்பும் கேள்வி

2020 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் நிகழ்ந்த நிலச்சரிவில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் பலியாயினர். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்பகுதிகள் அமைந்துள்ள வைத்திரி தாலுகாவைக் காட்கில் குழு முதல் மண்டலத்தில் சேர்த்திருந்தது. மறுநாள், ஜூலை 31 தேதியிட்ட ஆறாவது வரைவு வெளியானது. வயநாட்டின் 13 கிராமங்களும் அதில் இடம்பெற்றிருந்தன.

சட்டவிரோதக் குடியிருப்புகளையும் குவாரிகளையும் மாநில அரசு அனுமதித்ததாக மத்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ் குற்றஞ்சாட்டினார். கேரள அரசு அதனை மறுத்தது. பெருமழை, செங்குத்தான சரிவு, நிலப்பயன்பாட்டு மாற்றம் எனப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தே நிலச்சரிவு நிகழ்கிறது. ஒரு அறிவிக்கை மட்டும் அதைத் தடுத்திருக்கும் எனக் கூற இயலாது.

எந்தச் சரிவு ஆபத்தானது என்பதை அறிவியல் சுட்டிக்காட்டலாம். அங்கு யார் எதைக் கைவிட வேண்டும், அதற்கு ஈடாக என்ன பெறுவார்கள் என்பது அரசியல் எடுக்க வேண்டிய முடிவு. இரு குழுக்களும் அறிக்கை அளித்த பின்னரும் அந்த இரண்டாவது கேள்விக்கே விடை கிடைக்கவில்லை.