மாரிஸ்தான்

நோயாளியைக் குறிக்கும் ‘பீமார்’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது பீமாரிஸ்தான். சகல பிணிகளுக்கும் மருந்தளித்த அம்மனையின் பெயர் அரபியர் நாவில் ‘மாரிஸ்தான்’ எனத் தேய்ந்து, பிற்காலத்தில் பித்தர் விடுதியை மட்டுமே சுட்டலாயிற்று. சொல்லோடு நம் மனமும் சுருங்கிற்று போலும்!

1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மருத்துவமனையில் மனம் பேதலித்தோருக்கும் தனிப்பகுதி இருந்தது. ஏழை, செல்வர், ஆண், பெண் எவருக்கும் அதன் வாயில் அடைக்கப்படவில்லை. செலவை வக்ஃபு சொத்துக்கள் ஏற்றன. நோயாளி தம் குடும்பத்தின் சுமையாக மட்டும் விடப்படவில்லை என்பதே இதில் நாம் கருதத்தக்கது.

சுல்தான் இரண்டாம் பாயஸீது எதிர்னே நகரில் கட்டுவித்த மருத்துவமனை 1488இல் நிறைவெய்தியது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கு சென்ற பயணி எவ்லியா செலெபி, பித்துற்றோருக்காக இசைவாணர் பதின்மர் அமர்த்தப்பட்டதையும், மணமலர்கள் அவர்களுக்கு முகரத் தரப்பட்டதையும் வருணிக்கிறார். சிலர் சங்கிலியில் கிடந்ததையும் அவர் மறைத்தாரில்லை. அதை நாமும் மறைக்கலாகாது.

ஏனெனில் சங்கிலி நம் வாசலிலும் கிடந்தது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பின்னாளில் அவ்வூர் தர்காவிலேயே மனநல மருத்துவர் அமர வழி பிறந்தது. துஆவுக்கு வருபவர் கையில் இன்று மாத்திரையும் கொடுக்கப்படுகிறது.