“ஃபைல் பழுது” என்று அழிக்க முன்னர்…

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் பழைய கலியாண இறுவட்டு, பழைய போன், மௌத்தான ஒருவரின் குரல் உள்ள வீடியோ என்று ஏதாவது வைத்திருப்பவர்கள் நேரமெடுத்து வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் பாடசாலையில் மர்ஹூம் சேர் ஒருவருக்கு நினைவு நிகழ்வு நடந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவர். எங்களுக்கும் படிப்பித்தவர்தான். பத்து நிமிட வீடியோ ஒன்று செய்து தாருங்கள் என்று அதிபர் கேட்டார். சேரின் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். மூத்த மகளின் கலியாண இறுவட்டுக்கள் (2003), பழைய மாணவர் ஒருவர் 2006இல் பிடித்த பரிசளிப்பு விழா சீடி, கட்டாரில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது ஐபோனில் எடுத்த வீடியோக்கள் இருந்த பென்டிரைவ், சேர் கடைசியாகப் பேசியதைச் சின்ன மகள் எடுத்த மெமரி கார்ட். மொத்தம் நாலு.

“ஸ்டூடியோவில் கொடுத்துப் பார்த்த, எல்லாம் பழுதாம். ஒண்டும் திறக்குதில்லயாம். எறியச் சொன்னாங்க” என்றார் மாமி.

பாடசாலை லெப்டொப்பில் போட்டுப் பார்த்தோம். எடிட்டிங் மென்பொருள் நாலுக்கும் ஒரே பதிலைத்தான் தந்தது: இந்தக் கோப்பு வகைக்கு ஆதரவில்லை. ஆதரவில்லை என்பதும் பழுது என்பதும் ஒன்றல்ல. நாலில் மூன்று கோப்புகளில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அவை ஏன் திறக்கவில்லை என்று தேடப் போனால் முப்பது வருடக் கதை ஒன்று வந்தது.

முதலில் ஒரு அடிப்படை. வீடியோக் கோப்பு என்பது லன்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சல் மாதிரி. ஏ.வி.ஐ, எம்.ஓ.வி, எம்.பி.4 என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவது லன்ச் ஷீட். உள்ளே கோழியா, மாடா, மீனா என்று வெளியிலிருந்து தெரியாது. படத்தைச் சுருக்கி அடைத்த முறைக்குத்தான் கொடெக் என்று பெயர். அதுதான் உள்ளே இருக்கும் கறி. “எம்.பி.4 தானே, ஏன் திறக்கவில்லை?” என்ற கேள்வி நூற்றில் தொண்ணூறு தடவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருவது.

இந்தத் தலைவலி கொம்பியூட்டரோடு பிறந்ததுமல்ல. எண்பதுகளில் சவூதியிலிருந்து வந்த கெசட்டை நம் வீட்டு டீவியில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வந்ததை வாப்பாமார் சொல்வார்கள். சவூதி அப்போது பிரான்சின் ‘செக்காம்’ முறையில் ஒளிபரப்பியது. 1982இல் தொடங்கிய நமது ரூபவாஹினியோ ஜேர்மனியில் உருவான ‘பால்’ முறை. அதனால்தான் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ‘மல்டி சிஸ்டம்’ டெக் வாங்கி வந்தார்கள். அந்தக் கெசட்டும் பழுதில்லை.

சரி, கணினிக்கு வருவோம். அப்பிள் நிறுவனம் 1991 டிசம்பரில் குயிக்டைம் என்பதை வெளியிட்டது. எம்.ஓ.வி கோப்பு அதன் பிள்ளை. அடுத்த வருடம், 1992 நவம்பரில், மைக்ரோசொப்ட் தன் பங்குக்கு ஏ.வி.ஐ கோப்பைக் கொண்டுவந்தது. இரண்டு கம்பனி, இரண்டு லன்ச் ஷீட். இதே காலத்தில், 1988இல் கூடிய எம்பெக் என்ற சர்வதேச நிபுணர் குழு எல்லோருக்கும் பொதுவான முறை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதன் முதற் பிள்ளை எம்பெக்-1. 1993இல் வந்த வீசீடி அதில் ஓடியது.

வீசீடி மேற்கு நாடுகளில் எடுபடவில்லை. ஆசியாவில் ஊர் ஊராகப் பரவியது. பிளேயர் மலிவு. ஈரப்பதனில் கெசட்டுக்குப் பூஞ்சணம் பிடிப்பதுபோல் இறுவட்டுக்குப் பிடிப்பதில்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நம் ஊர்ச் சந்திகளில் இருந்த ஸ்டூடியோக்கள் கலியாண வீட்டை வீசீடியில்தான் தந்தன. ஒரு தட்டில் 74 நிமிடம்தான் அடங்கும். நிக்காஹ் ஒரு தட்டு, வலீமா இன்னொரு தட்டு என்று பிரிந்ததற்குக் காரணம் அதுதான்.

சேரின் மகளுடைய கலியாண இறுவட்டை லெப்டொப்பில் போட்டால் ‘எம்பெக்ஏவி’ என்ற கோப்புறைக்குள் டி.ஏ.டி என முடியும் கோப்பு ஒன்று இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்ததுமே எடிட்டிங் மென்பொருள் கையை விரித்துவிடுகிறது. உள்ளே இருப்பது சாதாரண எம்பெக்-1 படம். கோப்பைப் பிரதி செய்து, பிரதியின் பெயரில் டி.ஏ.டி என்பதை எம்.பி.ஜி என்று மாற்றினோம். பல மென்பொருட்களுக்கு அதுவே போதும். எங்களுடையது அப்போதும் அடம்பிடித்தது. ஹேன்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு எச்.264 எம்.பி.4 ஆக்கினோம். திறந்தது. படம் 352க்கு 288 புள்ளிதான், பெரிய திரையில் மங்கல். ஆனால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி சேர் நிற்கிறார், கறுத்த தாடியோடு. எங்களில் யாரும் அவரைக் கறுத்த தாடியோடு கண்டதில்லை.

இரண்டாவது, பரிசளிப்பு விழா. இது ஏ.வி.ஐ. மென்பொருளில் போட்டால் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. இந்த அறிகுறியை மனதில் வையுங்கள். சத்தம் வந்து படம் கறுப்பாக இருந்தால் கோப்பு செத்துவிடவில்லை, கொடெக் இல்லை என்றே பெரும்பாலும் அர்த்தம். இதன் பின்னால் உள்ள கதைதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது.

தொண்ணூறுகளின் இறுதியில் மைக்ரோசொப்ட் எம்பெக்-4 அடிப்படையில் நல்லதொரு கொடெக் செய்தது. ஆனால் அதைத் தன்னுடைய ஏ.எஸ்.எஃப் கோப்புக்குள் மட்டும்தான் வைக்கலாம், ஏ.வி.ஐக்குள் வைக்க முடியாது என்று பூட்டிவிட்டது. பிரான்சில் ஜெரோம் ரோட்டா என்று ஒருவர். வேலை தேடுவதற்காகத் தன் வேலைகளைத் தொகுத்த வீடியோ ஒன்று வைத்திருந்தார். விண்டோஸ் மீடியா பிளேயரின் புதிய பதிப்பு வந்ததும் அது திறக்க மறுத்தது. நமக்கு வந்த அதே பிரச்சினை! அவர் திரும்ப வீடியோவைச் செய்யப் போகாமல் ஜேர்மன் நண்பர் ஒருவரோடு சேர்ந்து அந்தக் கொடெக்கையே பிரித்து மேய்ந்து பூட்டை உடைத்தார். டிவ்எக்ஸ் பிறந்தது இப்படித்தான். பெயருக்குப் பின்னால் கண்ணடிக்கும் குறியொன்றையும் போட்டிருந்தார். அமெரிக்காவில் அதே பெயரில் வந்து தோற்றுப்போன வாடகை டிவிடித் திட்டம் ஒன்றைக் கிண்டலடிக்கத்தான் அது.

உரிமையில்லாமல் உடைத்தது சரியா என்று கேட்டால் சரியென்று சொல்ல மாட்டோம். அவரும் பிறகு கம்பனி தொடங்கி, சுத்தமாகத் திரும்ப எழுதிய கொடெக்கைத் திறந்த மூலமாக வெளியிட்டு, அப்புறம் அதை மூடிக்கொண்டார். 2001இல் அதிருப்தியடைந்தவர்கள் திறந்திருந்த பகுதியை எடுத்துத் தனியாக வளர்த்தார்கள். டிவ்எக்ஸ் என்பதன் ஆங்கில எழுத்துக்களைப் பின்னிருந்து வாசித்தால் அவர்கள் வைத்த பெயர் வரும்: எக்ஸ்விட். ஒரு முழுநீளப் படம் ஒரு 700 எம்.பி. சீடிக்குள் அழகாக அடங்கியது இவற்றால்தான். எங்கள் பரிசளிப்பு விழாவும் எக்ஸ்விட்தான்.

உள்ளே என்ன கறி என்று எப்படிப் பார்ப்பது? வீ.எல்.சி பிளேயரில் கோப்பைத் திறந்து, கொன்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்துங்கள். கொடெக்கின் பெயர் வந்துவிடும். பலர் வீ.எல்.சியை வெறும் படம் பார்க்கும் மென்பொருளாக நினைக்கிறார்கள். பாரிஸில் ஒரு பொறியியற் கல்லூரி மாணவர்கள் 1996இல் தங்கள் வளாக வலையமைப்பில் டீவி பார்ப்பதற்காகத் தொடங்கி, 2001இல் உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்ட வேலை அது. அதற்குத் தேவையான கொடெக்குகளில் பெரும்பகுதியை எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு இலவச நிரலிலிருந்து எடுக்கிறது. அதையும் 2000இல் தொடங்கியவர் ஒரு பிரெஞ்சுக்காரர், ஃபப்ரிஸ் பெலார். ஹேன்ட்பிரேக்கின் வயிற்றுக்குள் இருப்பதும் அதுவே. அதனால்தான் சொல்கிறோம்: வீ.எல்.சியில் ஓடும் கோப்பு பழுதான கோப்பல்ல. ஸ்டூடியோத் தம்பி இந்த ஒன்றைச் செய்து பார்த்திருந்தால் மாமி ஒரு வருடம் கவலைப்பட்டிருக்கத் தேவையில்லை.

இடையில் ஒரு ஞாபகம். நாங்கள் கல்வியியற் கல்லூரியில் இருந்த காலம் விண்டோஸ் மூவி மேக்கர் காலம். 2000இல் விண்டோஸ் எம்.ஈயோடு வந்தது. செய்முறைப் பாடத்துக்கு இரவிரவாக வீடியோ வெட்டி, ‘சேவ்’ அடித்து, அந்தச் சின்னக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துப் போய் விரிவுரையாளர் முன்னால் திறந்தால் எல்லாத் துண்டிலும் சிவப்புப் புள்ளடி! அது படத்தைச் சேமிக்கவில்லை, படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை மட்டும்தான் சேமித்திருந்தது. தரம் 10 பிள்ளைகள் இன்றைக்கும் வேறு மென்பொருளில் இதே பிழையை விடுகிறார்கள். மூவி மேக்கரை மைக்ரோசொப்ட் 2017 ஜனவரி 10ஆம் திகதியோடு கைவிட்டது. எங்காவது ‘மூவி மேக்கர் இலவசம்’ என்று இப்போது கண்டால் தொடவேண்டாம்.

மூன்றாவது கோப்புத்தான் இன்று அதிகமான வீடுகளில் நடப்பது. மகனின் ஐபோன் வீடியோ. இதே வீடியோவை அவர் முன்பு வட்ஸ்அப்பில் அனுப்பியபோது எல்லாருடைய போனிலும் ஓடியதாம். பென்டிரைவில் மூலக் கோப்பாகக் கொடுத்தபோது ஓடவில்லை. மகனுக்கே குழப்பம்.

2003இல் வந்த எச்.264 தான் இன்றுவரை எங்கும் திறக்கும் பொதுக் கொடெக். அதன் பாதியளவு இடத்தில் அதே தரத்தைத் தரும் நோக்கோடு 2013இல் எச்.ஈ.வி.சி வந்தது. நுட்பம் நல்லது. காப்புரிமைதான் சிக்கல். எச்.264க்கு உரிமக் கட்டணம் வாங்கப் பெரும்பாலும் ஒரு வாசல் இருந்தது. எச்.ஈ.வி.சிக்கு மூன்று கூட்டமைப்புகள் தனித்தனியே கட்டணம் கேட்டன. அவற்றில் சேராமல் வெளியில் நின்றவர்களும் இருந்தார்கள். வெறுத்துப்போன கூகுள், மொஸில்லா, நெட்ஃபிளிக்ஸ் போன்றவை 2015இல் ஒன்றுசேர்ந்து, 2018இல் கட்டணமில்லாத ஏ.வி.1 ஐக் கொண்டுவந்தன. அப்பிளோ 2017இல் ஐ.ஓ.எஸ் 11 முதல், ஐபோன் 7உம் அதற்குப் பிந்தியவையும் எச்.ஈ.வி.சியில் பதிவுசெய்யும்படி வைத்துவிட்டது. அதே வருடத்தில் விண்டோஸ் 10 அந்தக் கொடெக்கைத் தன்னிடமிருந்து கழற்றி, தனியாக 99 சதத்துக்கு விற்கத் தொடங்கியது. 99 அமெரிக்கச் சதம் பெரிய காசில்லை. ஆனால் அதைக் கட்ட வெளிநாட்டுக் கொடுப்பனவு செய்யும் கார்ட் வேண்டும். பாடசாலையிடம் எங்கே கார்ட்?

வட்ஸ்அப்பில் ஓடியதன் மர்மம் இதுதான்: அனுப்பும்போதே அது வீடியோவை எச்.264க்கு மாற்றிச் சுருக்கிவிடுகிறது. ஓடும், ஆனால் தரம் போய்விடும். மூலத்தை அனுப்ப விரும்பினால் ‘டொகியுமன்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: ஐபோன் செட்டிங்ஸில் கெமரா, அதில் ஃபோர்மட்ஸ் என்ற இடத்தில் ‘மோஸ்ட் கொம்பேட்டிபிள்’ என்று மாற்றிவிட்டால் இனி எடுப்பவை சாதாரணமாக எச்.264 ஆக இருக்கும். ஏற்கெனவே எடுத்ததை நாங்கள் ஹேன்ட்பிரேக்கில் மாற்றினோம். அதில் ‘கொன்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதைத் தெரிவுசெய்ய மறக்கவேண்டாம். போன்கள் வெளிச்சத்தைப் பொறுத்துப் படங்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அதை அப்படியே வெட்டப் போனால் வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கமாகப் போகும்.

நாலாவதற்கு வருகிறோம். சேர் மௌத்தாவதற்கு மூன்று கிழமைக்கு முன்னர், வீட்டு முற்றத்தில் பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்ததைச் சின்ன மகள் பதிவுசெய்திருக்கிறார். பதினொரு நிமிடம் அளவில் போனின் சார்ஜ் முடிந்து தானாக அணைந்திருக்கிறது. இது வீ.எல்.சியிலும் திறக்கவில்லை.

எம்.பி.4 கோப்பில் படமும் சத்தமும் ஓரிடத்தில் குவிந்திருக்கும். எது எங்கே தொடங்குகிறது, என்ன கொடெக் என்ற அட்டவணை தனியாக இருக்கும். அதற்கு ‘மூவ்’ என்று பெயர். பெரும்பாலான போன்கள் அதைப் பதிவு முடிந்த பிறகுதான் எழுதும். இடையில் அணைந்தால் குவியல் இருக்கும், அட்டவணை இருக்காது. பக்க எண்ணும் பொருளடக்கமும் இல்லாமல் கட்டவிழ்ந்த புத்தகம் மாதிரி. இந்த ஒன்றைத்தான் உண்மையில் பழுது என்று சொல்லலாம். அப்போதும் பக்கங்கள் இருக்கின்றன. கோப்பின் அளவைப் பார்த்தோம், ஒரு ஜி.பிக்கு மேல் இருந்தது. வெறுமையாக இருந்தால் அவ்வளவு பாரம் இருக்காதல்லவா?

அன்ட்ரங்க் என்ற இலவச நிரல் ஒன்று இருக்கிறது. அதே போனில், அதே அமைப்பில் எடுத்த பழுதில்லாத வீடியோ ஒன்றைக் கொடுத்தால் அதைப் பார்த்து அட்டவணையைத் திரும்பக் கட்ட முயலும். நல்ல காலம், போனை அவர்கள் விற்கவில்லை. ஒரு நிமிட வீடியோ ஒன்றை எடுத்துத் தந்தார் மகள். இரண்டு இரவு மினக்கெட்டோம். ஏழு நிமிடம் சுத்தமாக வந்தது. அதன் பிறகு படம் உடைந்து, சத்தமும் நின்றுவிடுகிறது.

நினைவு நிகழ்வில் அந்த ஏழு நிமிடத்தில் நாற்பது வினாடியைத்தான் போட்டோம். முழுவதையும் வீட்டில் மாமிக்குக் காட்டினோம். படம் உடையும் இடம் வந்ததும் “அதுக்குப் பிறகுதான் என்னயப் பத்தி ஏதோ சொன்னவர்” என்றார். மூலக் கோப்பை அழிக்காமல் இரண்டு வன்தட்டுகளில் பிரதியெடுத்து வைத்திருக்கிறோம். இந்த வேலையில் எங்களைவிட அனுபவமுள்ளவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் தொடர்புகொள்ளுங்கள், மிச்ச நாலு நிமிடத்தையும் முயன்று பார்க்கவேண்டும்.

இறுவட்டு, பழைய மெமரி கார்ட் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைகளில் காலை ஒன்பதிலிருந்து லுஹருக்கு முன்னர் பாடசாலைக் கணினி அறைக்குக் கொண்டுவாருங்கள். காசு வேண்டாம், ஒரு வெற்றுப் பென்டிரைவ் கொண்டுவந்தால் போதும். இறுவட்டைத் துணியால் வட்டமாகத் துடைக்கவேண்டாம், நடுவிலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். தயவுசெய்து எதையும் நீங்களாக அழித்துவிட்டு வராதீர்கள்.